பழங் கணினியும் புதிய முறைவழியாக்கியும்

பழைய கணினி ஒன்றின் முறைவழியாக்கியைக் கழற்றிவிட்டு, அதனிலும் இரு மடங்கு விரைவுடைய ஒன்றைப் பொருத்தினால் அக்கணினி இரு மடங்கு விரைவாகத் தொழிற்படுமா? இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்று விடை கூறுவோர் பலர். ‘இல்லை’ என்போரும் உளர். உண்மை இவ்விரண்டிற்கும் இடையிலே உள்ளது. எத்தொழிலைச் செய்விக்கின்றோம், அத்தொழில் எவ்விடத்தில் தாமதிக்கின்றது என்பவற்றை அறிந்த பின்னரே விடை கூறல் இயலும். இதனை முதற் காலத் தனியாள் கணினிகளின் வரலாற்றிலிருந்து சில சான்றுகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிக்கும் நாம் பொறியியலார்க்குரிய பொருளிற் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். பாடசாலைகளின் கணினிக் கூடங்களுக்குப் பழைய மாணவரும் பெற்றோரும் பொருள் வழங்கும் காலம் இது. அப்பொருள் பயன்படும் இடத்திற் செலவாதல் வேண்டுமெனில், அதைப் பற்றி எல்லோரும் விளங்கிக்கொள்ளத்தக்க தமிழில் யாராவது எழுதத்தான் வேண்டும். அன்றியும், தமிழ் எழுத்துக்கும் இவ்வாராய்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

கணினியின் உறுப்புகள்

கணினியின் உறுப்புகளுள் கணக்கிடுவதும் ஒப்பிடுவதும் பிற உறுப்புகளுக்குக் கட்டளை இடுவதும் முறைவழியாக்கியின் தொழில்கள். செய்நிரலும் தரவும் வேலை நடக்கும்போது நினைவகத்தில் இருக்கும். வேலை முடிந்தபின் வன்தட்டிலோ நெகிழ்வட்டிலோ சேமித்து வைக்கப்படும். முறைவழியாக்கிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு செல்வதற்கு ஒரு வழி உண்டு. திரையும் அச்சுப்பொறியும் முடிவை நமக்குக் காட்டுவன. இவையனைத்தும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசையத் தொழிற்படுவனவல்ல. முறைவழியாக்கி மிக விரைந்தது. வன்தட்டு அதனிலும் பன்மடங்கு தாமதமானது. அச்சுப்பொறியோ அதனிலும் தாமதமானது.

நமது மலைநாட்டிலே தேயிலைத் தொழிற்சாலையை அறியாதார் இலர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வாணிபப் பயிராக நட்ட காலந்தொட்டு இத்தொழிலோடு வளர்ந்தது இம்மண். பறித்த கொழுந்து முதலில் மாடியிலே பரப்பி வாட்டப்படுகின்றது; பின்னர் உருட்டப்படுகின்றது; அதன்பின் புளிக்கவைத்து, உலர்த்தி, சல்லடைகளால் தரம் பிரிக்கின்றனர். வாட்டுதலுக்கு மட்டும் ஓர் இரவு முழுதும் செல்லும். உருட்டும் எந்திரத்தை அகற்றி இரு மடங்கு விரைவான எந்திரத்தை நிறுவிவிட்டோம் என்று கொள்வோம். உருட்டும் நேரம் பாதியாகும். ஆனால், வாட்டும் இரவு அவ்வாறே நிற்கும். காலையிற் பறித்த கொழுந்து பெட்டியில் அடைபடும் நேரத்தில் ஒரு சிறு பகுதியே குறையும். புதிய எந்திரம் வாடிய கொழுந்து வரும்வரை வெறுமனே காத்து நிற்கும்.

கணினியிலும் நிகழ்வது இதுவே.

1981ஆம் ஆண்டின் கணினி

ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வெளியிட்டது. அதன் முறைவழியாக்கி இன்ரெல் நிறுவனத்தின் 8088. அதன் கடிகாரம் நொடிக்கு 4.77 மெகாஹேட்ஸ், அதாவது ஏறத்தாழ 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்பு. இவ்வெண் ஏன் இத்தகைய பின்னமாக அமைந்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு உரிய அதிர்வெண்ணையும் அதே பளிங்கிலிருந்து பெறவேண்டி, 14.318 மெகாஹேட்ஸ் அதிர்வுடைய பளிங்கொன்றைப் பொருத்தினர். அதனை மூன்றால் வகுத்தால் 4.77 வரும், நான்கால் வகுத்தால் தொலைக்காட்சிக்குரிய 3.58 வரும். செலவைக் குறைக்கும் பொருட்டு ஒரே பளிங்கு இரு தொழிலுக்கும் உதவிற்று.

8088 உள்ளே 16 பிற்றுகளைக் கொண்டு கணக்கிடும். ஆயினும், நினைவகத்துக்குச் செல்லும் வழி 8 பிற்று அகலமே உடையது. ஒரு முறை ஒரு பைற்றே செல்லலாம். அவ்வொரு பைற்று செல்லவும் நான்கு துடிப்பு வேண்டும். ஆகவே, நொடிக்கு ஏறத்தாழ 12 இலட்சம் பைற்றுக்கு மேல் அவ்வழியாற் செல்லல் இயலாது. மூன்று பைற்று நீளமுள்ள எளிய கட்டளை ஒன்றைச் செய்து முடிக்க 8088க்கு நான்கு துடிப்பு போதும். ஆனால், அக்கட்டளையை நினைவகத்திலிருந்து கொண்டுவரவே 12 துடிப்பு வேண்டும். வீடு பெரிது, வாயில் சிறிது.

வி-20 என்னும் மாற்றுச் சில்லு

யப்பானிய நிறுவனமாகிய என்.ஈ.சி. 1980களின் முற்பகுதியில் வி-20 என்னும் சில்லை ஆக்கியது. 8088 இருந்த குதையிலேயே அது பொருந்தும். பழைய சில்லைப் பக்குவமாக நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாற் போதும். வேறு மாற்றம் யாதும் வேண்டியதில்லை. மலிவான இம்மாற்றத்தை அக்காலத்திற் பலர் விரும்பிச் செய்தனர். இது குறித்து இன்ரெலுக்கும் என்.ஈ.சி.க்கும் இடையே நடந்த வழக்கில், இன்ரெல் சில்லின் உட்கட்டளைகளை என்.ஈ.சி. நகல் செய்தது என்னும் குற்றச்சாட்டு 1989ஆம் ஆண்டில் நிலைபெறாது போயிற்று.

16 பிற்று எண்கள் இரண்டைப் பெருக்குவதற்கு 8088க்கு 118 துடிப்பு முதல் 133 துடிப்பு வரை செல்லும். வி-20 அதனை ஏறத்தாழ 30 துடிப்பில் முடிக்கும். பெருக்கலை மட்டும் நோக்கின் நான்கு மடங்கு விரைவு! ஆனால், கடிகாரத்தை மாற்றாது இச்சில்லை மட்டும் பொருத்தியவர்கள் அன்றாட வேலையிற் கண்ட முன்னேற்றமோ பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து, இருபது என்ற அளவினதே. காரணம் வெளிப்படை. கடிதம் எழுதும் செய்நிரலிலே பெருக்கல் எத்துணை? மிகச் சிறிது. நகர்த்தலும் ஒப்பிடலுமே மிகுதி. அவற்றுக்குரிய கட்டளைகளும் தரவுகளும் அதே 8 பிற்று வாயிலால் நுழைந்து வருதல் வேண்டும். வாயிலை வி-20 அகலமாக்கவில்லை.

துணை முறைவழியாக்கி

ஐ.பீ.எம். கணினியின் தாய்ப்பலகையில் 8088க்கு அருகே வெறுங் குதை ஒன்று இருந்தது. அது 8087 என்னும் கணிதத் துணை முறைவழியாக்கிக்கு உரியது. தசமப் புள்ளி எண்கள், வர்க்கமூலம், மடக்கை, திரிகோண கணிதம் ஆகியவற்றை 8088 தானே செய்ய வேண்டுமாயின் நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகளாகப் பிரித்துச் செய்தல் வேண்டும். 8087 அவற்றை நேரே செய்யும். பாலங்களின் பாரத்தையும் மின்சுற்றுக்களையும் கணக்கிடும் பொறியியலார்க்கு இது பல பத்து மடங்கு விரைவைத் தந்தது.

ஆயினும், செய்நிரல் அச்சில்லை விளித்து வேலை வாங்கும்படி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். விளிக்காத செய்நிரலுக்கு 8087 இருந்தும் இல்லாததே. லோட்டஸ் 1-2-3 என்னும் புகழ்பெற்ற விரிதாள் செய்நிரல் 1983ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அச்சில்லைப் பயன்படுத்தவில்லை. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பே பயன்படுத்தியது. இடையிலே விரிதாளுக்கென்று 8087ஐ வாங்கினார்க்கு அது அலங்காரமாகவே அமைந்திருக்கும். ஆற்றல் இருத்தல் ஒன்று. அவ்வாற்றலை அழைக்கும் வேலை இருத்தல் வேறொன்று.

வன்தட்டுக்காகக் காத்திருத்தல்

ஐ.பீ.எம். 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்.ரீ. கணினியில் 10 மெகாபைற்று வன்தட்டு இருந்தது. அத்தகைய தட்டில் வேண்டிய இடத்தைச் சென்றடையச் சராசரியாக 85 மில்லிநொடி செல்லும். நமக்கு அது இமைப்பொழுதிலும் குறைவு. முறைவழியாக்கிக்கோ அது நெடுங்காலம். 4.77 மெகாஹேட்ஸ் கடிகாரம் அதற்குள் நான்கு இலட்சம் முறைக்கு மேல் துடித்துவிடும். இரு மடங்கு விரைவான முறைவழியாக்கியைப் பொருத்தினால் அதே 85 மில்லிநொடியில் எட்டு இலட்சம் துடிப்பு வீணாகும். காத்திருக்கும் நேரம் குறையவில்லை. காத்திருப்பவர் மட்டும் விரைவானவர் ஆயினர்.

இக்காரணத்தினாலேயே 1984ஆம் ஆண்டின் ஏ.ரீ. கணினி மக்கள் கண்ணுக்கு மிக விரைவாகத் தோன்றியது. அதன் 80286 முறைவழியாக்கி 6 மெகாஹேட்ஸ் கடிகாரம் உடையது. கடிகார எண்ணை மட்டும் ஒப்பிடின் ஏற்றம் கால் பங்கே. ஆனால், ஒரு கட்டளைக்கு வேண்டிய துடிப்புக்கள் குறைந்தன. நினைவக வழி 16 பிற்று அகலமாயிற்று. வன்தட்டும் ஏறத்தாழ இரு மடங்கு விரைவுடையதாயிற்று. பல உறுப்புகள் ஒருங்கே முன்னேறியமையால் முழுக் கணினியும் முன்னேறிற்று.

பழைய கணினியை விட மனமில்லாதார்க்கு விரைவூட்டும் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. இன்ரெல் நிறுவனமே ‘இன்போட் 386’ என்னும் அட்டையை வெளியிட்டது. அதிலே புதிய முறைவழியாக்கியோடு அதற்குரிய நினைவகமும் சேர்ந்திருந்ததை நோக்குக. பழைய தாய்ப்பலகையின் ஒடுங்கிய வழியை நம்பினால் புதிய சில்லின் ஆற்றல் பாழாகும் என்பதை ஆக்கியோர் அறிந்திருந்தனர்.

1992ஆம் ஆண்டில் வந்த 486 டீ.எக்ஸ்.2 சில்லும் இதே பாடத்தைப் புகட்டுகின்றது. உள்ளே 66 மெகாஹேட்ஸ். வெளியே தாய்ப்பலகையோடு பேசுவது 33 மெகாஹேட்ஸ். உள்ளே இருந்த 8 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகத்தில் வேண்டியது கிடைக்கும்போதெல்லாம் அது முழு விரைவில் ஓடியது. கிடைக்காதபோது வெளியுலகத்துக்காகக் காத்து நின்றது. ஆதலின் 33 மெகாஹேட்ஸ் 486ஐ அகற்றி இதனைப் பொருத்தினார்க்கு விரைவு கூடியது உண்மை. இரு மடங்காகக் கூடவில்லை என்பதும் உண்மை.

அம்டாலின் விதி

இதுவரை கூறியவற்றை ஒரு கணக்கினுள் அடக்கிக் காட்டலாம். அமெரிக்கக் கணினிப் பொறியியலாளராகிய ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டில் எடுத்துரைத்த கருத்தின் அடிப்படையில் இஃது அம்டாலின் விதி எனப்படும். ஒரு தொழிலின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், விரைவாகாத பகுதியே முழு விரைவுக்கும் எல்லை இடும் என்பது அதன் சாரம்.

மாணவர் விளங்கும் பொருட்டு ஓர் உதாரணம் அமைப்போம். தவணைப் புள்ளிப் பட்டியலை ஆயத்தஞ் செய்ய ஒரு பழங் கணினிக்கு 100 நொடி செல்கின்றது என்க. அதில் கணக்கிடுதல் 30 நொடி. வன்தட்டில் எடுத்தலும் வைத்தலும் 50 நொடி. அச்சிடுதல் 20 நொடி. முறைவழியாக்கியை இரு மடங்கு விரைவாக்கினால் 30 நொடி 15 ஆகும், மொத்தம் 85. பத்து மடங்கு விரைவாக்கினால் 30 நொடி மூன்றாகும், மொத்தம் 73. எல்லையற்ற விரைவுடைய முறைவழியாக்கி கிடைத்தாலும் 70 நொடிக்குக் கீழே செல்ல முடியாது. அதற்கு மாறாக, பழைய முறைவழியாக்கியை அவ்வாறே விட்டு வன்தட்டை இரு மடங்கு விரைவாக்கினால் 50 நொடி 25 ஆகும், மொத்தம் 75. பத்து மடங்கு முறைவழியாக்கி தரும் பயனுக்கு நிகரானதை இரு மடங்கு வன்தட்டே தந்துவிடுகின்றது!

இனி, பேராதனையிலே பொறியியல் பயிலும் மாணவன் ஒருவனின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவனுடைய 100 நொடியில் 90 நொடி கணக்கிடுதல். ஏனையன 10 நொடி. இரு மடங்கு முறைவழியாக்கி அதனை 55 நொடியாக்கும்; பத்து மடங்கு 19 நொடியாக்கும். ஒரே கணினி, ஒரே சில்லு. தொழில் வேறானதாற் பயனும் வேறாயிற்று.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் புகையிரதத்தை இவ்விதிக்கு ஒப்பிடலாம். பொல்காவலை வரையுள்ள சமநிலத்திலே எஞ்சின் எவ்வளவு விரைந்து ஓடினாலும், இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் காத்திருக்கின்றது. ஏற்றத்தில் செல்லும் நேரத்தைக் குறைக்காது சமநிலத்தில் மட்டும் விரைவது கண்டியை அடையும் நேரத்தைச் சிறிதே குறைக்கும். 1867ஆம் ஆண்டில் இப்பாதை திறக்கப்பட்ட பின்னர் நெடுங்காலம், ஏற்றத்தின் அடியிலே துணை எஞ்சினைச் சேர்த்து வண்டியைத் தள்ளிவிட்டனர். எங்கே தடையோ அங்கே உதவி.

தமிழ் எழுத்தும் திரையும்

முன்னர்க் கூறிய தமிழ்த் தொடர்பை இனி நோக்குவோம். முதற் கணினிகளின் எழுத்துருவங்கள் திரை அட்டையிலுள்ள சில்லொன்றினுள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவை உரோம எழுத்துகளும் சில குறிகளுமே, தமிழ் இல்லை. ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் திரையிற் காட்ட, 25 வரியில் வரிக்கு 80 எழுத்தாக, ஓரெழுத்துக்கு 2 பைற்று வீதம் 4,000 பைற்று போதும். தமிழைக் காட்டுவதாயின் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் படம் வரைதல் வேண்டும். அகலத்தில் 640, உயரத்தில் 200 புள்ளிகள் கொண்ட திரைக்கு 16,000 பைற்று தேவை. ஆங்கிலத்திலும் நான்கு மடங்கு தரவு அதே குறுகிய வாயிலாற் செல்ல வேண்டியதாயிற்று. தமிழ் வரிகள் திரையிலே மெல்ல மெல்ல நகர்ந்ததற்கு ஒரு பெருங் காரணம் இதுவே.

முறைவழியாக்கியை மாற்றியமை இங்கே ஓரளவு உதவியது. ஆயினும் 1984ஆம் ஆண்டில் வந்த ஈ.ஜீ.ஏ. என்னும் திரை அட்டை அதனிலும் மேலான வழியைத் திறந்தது. வேண்டிய எழுத்துருவங்களை நாமே அவ்வட்டையில் ஏற்றலாம். உயிர்மெய்களுக்கெல்லாம் தனித்தனி வடிவம் வேண்டியதில்லை. அரவு, கொம்பு முதலிய குறிகளைப் பிரித்து வைத்தால் தமிழ் எழுத்து முழுவதும் அவ்வட்டையின் 256 இடங்களுக்குள் அடங்கும். அதன்பின் தமிழ்ப் பக்கமும் 4,000 பைற்றில் நிற்கும். மலேசியாவிலே முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை 1985ஆம் ஆண்டளவில் ஆக்கத் தொடங்கிய காலத்தின் கணினிச் சூழல் இத்தகையது. தமிழுக்கு வேண்டியிருந்தது பெரிய மூளை மட்டுமன்று, எழுதத் தக்க பலகையும் ஆகும்.

விரைவும் தகுதியும்

ஒரு விலக்கை இங்கே கூறாதுவிடின் பாடம் நிறைவுறாது. விரைவுக்காக அன்றி, தகுதிக்காகவும் முறைவழியாக்கியை மாற்ற வேண்டிய காலம் வரும். விண்டோஸ் 95 இயங்குவதற்கு 386 அல்லது அதற்கு மேற்பட்ட சில்லு இன்றியமையாதது. 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் எழுதப்பட்டதும் 386க்காகவே. 286 எத்துணை விரைந்து ஓடினும் அவற்றை ஏற்றல் இயலாது. மறுபுறம், விரைவு தீங்காகவும் முடிந்ததுண்டு. 4.77 மெகாஹேட்ஸைக் கருதி எழுதிய விளையாட்டுக்கள் புதிய கணினியிலே கண்ணுக்கெட்டாத வேகத்தில் ஓடின. அதற்காகவே பல கணினிகளில் விரைவைக் குறைக்கும் பொத்தான் ஒன்று அமைக்கப்பட்டது.

பாடத்தின் பயன்

இவை பழங்கதைகள் என்று தள்ளற்பாலன அல்ல. இன்று கண்டி நகரத்துப் பாடசாலையாயினும், அயலிலுள்ள தோட்டத்துப் பாடசாலையாயினும், பழைய கணினிகளைப் புதுக்கும் முயற்சி எழும்போது ‘முறைவழியாக்கி எந்தத் தலைமுறை?’ என்பதே பெரும்பாலும் முதல் வினாவாகின்றது. அது மூன்றாவது வினாவாக இருத்தல் நன்று. மாணவர் என்ன வேலை செய்கின்றனர் என்பது முதல் வினா. அவ்வேலை எங்கே காத்து நிற்கின்றது என்பது இரண்டாவது.

இரண்டாம் வினாவுக்கு விடை காண்பது கடினமன்று. பழங் கணினியின் முகப்பிலே வன்தட்டு விளக்கு ஒன்று உண்டு. வேலை தாமதிக்கும் நேரத்தில் அவ்விளக்கு இடையறாது ஒளிருமாயின் தடை வன்தட்டிலோ, போதாத நினைவகத்திலோ உள்ளது. விளக்கு அணைந்திருக்கவும் வேலை முடியாதிருப்பின் முறைவழியாக்கியை ஐயுறலாம். இக்காலக் கணினியிலே பணி முகாமையாளர் என்னும் பகுதி இதே செய்தியை நூற்றுவீதத்தில் காட்டும். சுழலும் வன்தட்டை அகற்றித் திண்மநிலைத் தட்டைப் பொருத்துவதும், நினைவகத்தைக் கூட்டுவதும் கட்டுரை எழுதவும் இணையத்தில் தேடவும் பயன்படும் கணினிக்குப் பெரும்பாலும் புதிய முறைவழியாக்கியினும் மிகுந்த பயன் தரும். அதே வேளை, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதனாலும், விண்டோஸ் 11 பழைய முறைவழியாக்கிகள் பலவற்றை ஏற்காமையாலும், தகுதி பற்றிய வினா மீண்டும் எழுந்துள்ளது. அவ்விடத்தில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளம் போதுமா என்பதையும் ஆராய்ந்தே பணம் செலவிடல் தகும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கின்றோம். உங்கள் கூடத்துக் கணினி ஒன்றில், திறத்தல், கணக்கிடுதல், சேமித்தல், அச்சிடுதல் ஆகிய நான்கிற்கும் செல்லும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு தனித்தனியே குறியுங்கள். எந்த ஒன்றைப் பாதியாக்கினால் மொத்தம் மிகக் குறையும் என்று கணித்து, அத்தாளைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். கொடை வழங்கும் பழைய மாணவர் கண்கள் முதலிற் காண வேண்டியது விலைப்பட்டியலை அன்று, அத்தாளையே. ஒரு பாடசாலைக்கு வரும் பொருள் சிறிது. அதனை எதிர்நோக்கும் பிள்ளைகள் பலர். தடை உள்ள இடத்தில் இட்ட ஒரு ரூபாய், தடையில்லா இடத்தில் இட்ட பத்து ரூபாயினும் பெரிது என்பதை அம்டாலின் விதி எண்களாற் காட்டுகின்றது. அதனை நடைமுறையிற் காட்டுவது நம் கடன்.